யாருடைய படகு?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

இன்று வேறு பாடம் நடத்துவதாகத்தான் இருந்தோம். போன வாரம் நடந்த ஒரு சம்பவம் பாடத்தை மாற்றிவிட்டது.

ஓர் ஆலையில் பேச்சுவார்த்தை. இரவு ஷிப்டில் ஆள் குறைக்கும் விஷயம். நம் கமிட்டிக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் இளந் தோழரும் போயிருந்தார். பேச்சு சூடேறிய நேரத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரி, சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாராம்: 'டோண்ட் ராக் தி போட்.' நம் தோழருக்கு அர்த்தம் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். தலையை ஆட்டிவிட்டார். அந்தத் தலையாட்டலையே சம்மதமாக வைத்துக்கொண்டு பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டது. சாயங்காலம் நம்மிடம் வந்து, "போட்டு போட்டு என்றாரே, ஆலைக்குள்ளே ஏது தோழர் படகு?" என்று கேட்டார்.

சிரிக்காதீர்கள். நம்மில் எத்தனை பேர் இப்படித் தலையாட்டியிருக்கிறோம் என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்வோம்.

நாமும் காலேஜ் வாசலை மிதித்தவர்களல்ல. பள்ளி இறுதிப் பரீட்சையோடு நம் ஆங்கிலம் நின்றுவிட்டது. மீதியைக் கோர்ட்டு நோட்டீசுகளிலிருந்தும், சார்ஜ் ஷீட்டுகளிலிருந்தும், பழைய புத்தகக் கடையில் வாங்கிய அட்டையில்லாத அகராதியிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்தோம். அந்தச் சில்லறையை வைத்துக்கொண்டுதான் இன்று பேசுகிறோம்.

'படகை ஆட்டாதே' என்பது அந்த வாக்கியத்தின் நேர்ப்பொருள். இருக்கிற ஏற்பாட்டைக் குலைக்காதே, எல்லாம் ஒழுங்காகப் போகிறபோது வம்பு வளர்க்காதே என்பது உட்பொருள். ஆடினால் எல்லோருமே மூழ்குவோம் என்ற பயமுறுத்தலும் அதற்குள்ளே இருக்கிறது. எல்லோரும் ஒரே படகில் இருக்கிறோம் என்று பேச்சு. ஆனால் அந்தப் படகில் துடுப்புப் போடுகிறவன் யார், குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் யார் என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை. இரவு ஷிப்டில் இருபது பேரைத் தண்ணீரில் இறக்கிவிடுவதாக இருந்தால் அது படகை ஆட்டுவது ஆகாதாம். வேண்டாம் என்று நாம் எழுந்து நின்றால் அது ஆட்டுவதாம்!

இந்த இனத்தில் ஆங்கிலத்தில் இன்னும் பல உண்டு. 'ஆப்பிள் வண்டியைக் கவிழ்ப்பது' என்பார்கள். ஒருவன் அழகாக அடுக்கி வைத்த திட்டத்தைப் பாழாக்குவது என்று பொருள். 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே இது வழக்கில் இருந்தது. பெர்னார்ட் ஷா 1929-ல் அரங்கேறிய ஒரு நாடகத்துக்கு இதையே தலைப்பாக்கினார். ஓர் அரசனுக்கும் அவனுடைய மந்திரிகளுக்கும் நடக்கும் இழுபறி அந்த நாடகம். 'காலுக்கடியில் இருக்கும் கம்பளத்தை உருவுவது' என்று ஒன்று. அது கம்பளம் விரித்த வீட்டில் பிறந்த சொல். மண் தரையில் நிற்கிறவனிடமிருந்து எதை உருவுவது? படகு, வண்டி, கம்பளம் ஆகிய மூன்றும் எதையோ வைத்திருப்பவனுடைய கவலையைச் சொல்பவை. கவிழ்ந்துவிடுமோ, சரிந்துவிடுமோ என்று ராத்தூக்கம் வராதவனுடைய பேச்சு.

ஆனால், தோழர்களே, அதே ஆங்கில மொழியில் வேறொரு கூட்டத்துச் சொற்கள் இருக்கின்றன. இன்று பத்திரிகைக்காரர்கள் அவற்றை வெற்றிலை பாக்குப் போல மென்று துப்புகிறார்கள். ஒரு மந்திரி ராஜினாமாச் செய்தால் 'அஸ்திவாரமே ஆட்டம் கண்டது' என்று தலைப்பு. கால்பந்துப் போட்டியில் சின்னக் குழு பெரிய குழுவை ஜெயித்தால் 'உலகமே தலைகீழானது' என்று தலைப்பு. இந்தச் சொற்களுக்காக ஒரு காலத்தில் மனிதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பது அவற்றை அச்சுக் கோக்கிறவர்களுக்கு நினைவிருக்காது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

முதலில் அஸ்திவாரம். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் என்று ஒரு பகுதி. அதில் 16-ம் அதிகாரத்தில் பிலிப்பி நகரத்துச் சிறைச்சாலை வருகிறது. பவுலும் சீலாவும் அங்கே அடி வாங்கி, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டுக் கிடக்கிறார்கள். நடுராத்திரியில் பூமி அதிர்கிறது. சிறைச்சாலையின் அஸ்திவாரம் அசைகிறது. கதவுகள் எல்லாம் திறந்துகொள்கின்றன; எல்லோருடைய விலங்குகளும் கழன்று விழுகின்றன. அஸ்திவாரம் அசையும் பேச்சு பைபிளில் வேறு இடங்களிலும் வருகிறது. நமக்குப் பிடித்தது இந்த இடந்தான். இங்கே அசைந்தது அரண்மனை அல்ல, கோயில் அல்ல, ஜெயில். உள்ளே கிடந்தவனுக்கு அந்த அதிர்ச்சி எப்படி இருந்திருக்கும் என்பதை உள்ளே இருந்து பார்த்த தோழர்கள் இந்த வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

அடுத்த அதிகாரத்திலேயே இன்னொன்று. தெசலோனிக்கே என்ற ஊரில் அதே பவுலையும் சீலாவையும் தேடி ஒரு கும்பல் கிளம்புகிறது. ஆள் அகப்படவில்லை; இடம் கொடுத்த வீட்டுக்காரனை இழுத்துக்கொண்டு போய் அதிகாரிகள் முன் நிறுத்திப் பிராது சொல்கிறார்கள். உலகத்தையே தலைகீழாகப் புரட்டிய ஆட்கள் இங்கேயும் வந்துவிட்டார்கள் என்பதுதான் பிராதின் சாரம். கவனியுங்கள். இது பாராட்டு அல்ல, குற்றச்சாட்டு. முதல் தகவல் அறிக்கை!

இந்த வேதத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பதே ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது. லத்தீன் தெரிந்த பாதிரி படித்துச் சொன்னால் போதும், உழவன் தானே படிக்க வேண்டியதில்லை என்பது சட்டம். வில்லியம் டிண்டேல் என்பவர் அந்த வேலையைச் செய்தார். 1536-ல் பிரஸ்ஸெல்சுக்குப் பக்கத்தில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலைத் தீயில் போட்டார்கள். பிறகு காலம் மாறியது. முதலாம் ஜேம்ஸ் மன்னன் தானே ஓர் ஆங்கிலப் பதிப்புக்கு ஏற்பாடு செய்தான். அதற்கு முன் ஜனங்களிடையே பரவியிருந்த ஜினீவா பதிப்பில் ஓரக்குறிப்புகள் இருந்தன. தப்பான கட்டளை இட்டால் அரசனுக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்ற தொனி அவற்றில் சில இடங்களில் இருந்தது. மன்னனுக்கு அது பிடிக்கவில்லை. ஆகவே அப்படிப்பட்ட விளக்கக் குறிப்புகள் இல்லாத பதிப்பு ஒன்று 1611-ல் வெளிவந்தது. டிண்டேலின் வாக்கியங்கள் பெருமளவுக்கு அதில் அப்படியே ஏறியிருந்தன. ஓரக்குறிப்பை வெட்டிய மன்னனால் வாக்கியத்தை வெட்ட முடியவில்லை. உலகைத் தலைகீழாகப் புரட்டுவது என்ற சொற்கள், மன்னனுடைய சொந்தச் செலாவணியாகவே ஊர் ஊராய்ப் போய்ச் சேர்ந்தன.

ஊர்களிலே அப்போது என்ன நிலைமை? விவசாயத் தோழர்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கம்பளி விலை ஏறிய காலம். உழுது பயிரிட்ட நிலங்களையும், ஊர்ப் பொதுவில் மாடு மேய்ந்த தரிசுகளையும் நிலப்பிரபுக்கள் வேலி போட்டு வளைத்து ஆடு மேய்க்க விட்டார்கள். உழவன் வெளியே, ஆடு உள்ளே. 1607-ம் ஆண்டு இங்கிலாந்தின் நடுப்பகுதி மாவட்டங்களில் ஏழை ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கூடி அந்த வேலிகளைப் பிடுங்கினார்கள், அகழிகளைத் தூர்த்தார்கள். ஜான் ரெனால்ட்ஸ் என்ற ஓர் ஏழைத் தொழிலாளி தலைமை தாங்கினார். இடுப்பில் ஒரு பெரிய பை தொங்கும். எல்லோரையும் காப்பாற்றும் வஸ்து அதற்குள் இருக்கிறது என்று சொல்லித் தைரியம் ஊட்டுவாராம். ஆளைப் பிடித்துத் தூக்கில் போட்டுப் பையைத் திறந்தால் உள்ளே ஒரு துண்டுப் பச்சைப் பாலாடைக்கட்டி! நியூட்டன் என்ற கிராமத்தில் நிலப்பிரபுக்களின் ஆட்கள் தாக்கியதில் நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள்.

அப்போது வேலி பிடுங்கியவர்களுக்கு ஒரு பெயர் வந்தது. 'லெவலர்கள்.' நிரவுகிறவர்கள், மேடு பள்ளத்தைச் சமம் செய்கிறவர்கள் என்று அர்த்தம். நம் பாஷையில் பரம்படிக்கிறவர்கள் என்று சொன்னால் பொருந்தும். சேற்றில் பரம்படித்த கைக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியும். வேலியில் ஆரம்பித்த சொல் நாற்பது வருஷத்தில் வேலியை விட்டுக் கிளம்பி அரசியலுக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது?

ஜேம்சுக்குப் பின் அவன் மகன் முதலாம் சார்லஸ் பட்டத்துக்கு வந்தான். பதினொரு வருஷம் பார்லிமெண்டைக் கூட்டாமலே ஆண்டான். அவனுக்குப் பக்கபலம் பிஷப்புகள். கோர்ட்டு அவர்களிடம், பள்ளி அவர்களிடம், அச்சாபீஸ் அனுமதியும் அவர்களிடம். பணமுடை தாங்காமல் 1640 நவம்பரில் மன்னன் பார்லிமெண்டைக் கூட்டினான். அடுத்த மாதமே லண்டன் ஜனங்கள் சுமார் 15,000 பேர் கையெழுத்திட்ட ஒரு விண்ணப்பம் வந்து விழுந்தது. பிஷப்புகளின் ஆட்சியை 'வேரோடும் கிளையோடும்' ஒழிக்க வேண்டும், அதுவே கோரிக்கை. இந்த 'ரூட் அண்டு பிராஞ்ச்' என்ற சொற்களும் பைபிளிலிருந்து எடுத்தவைதான். நாம் வேரோடும் வேரடி மண்ணோடும் என்கிறோமே, அதே மாதிரி. பிஷப்பை மாற்று, நல்ல பிஷப்பாகப் போடு என்றல்ல அவர்கள் கேட்டது; பிஷப் என்ற பதவியே வேண்டாம் என்று கேட்டார்கள். இன்று ஆங்கிலப் பத்திரிகையில் தபால் இலாகாவில் நிர்வாகச் சீர்திருத்தம் என்றாலும் 'ரூட் அண்டு பிராஞ்ச்' என்று எழுதுகிறார்கள். அன்று அது 15,000 பேர் தங்கள் பெயரைப் பணயம் வைத்து எழுதிய சொல். 1646-ல் பார்லிமெண்ட் பிஷப்புகளின் பதவியை ஒழித்தது. 1660-ல் அவர்கள் திரும்பி வந்தது வேறு கதை.

தணிக்கை அறுந்ததும் துண்டுப் பிரசுரங்கள் மழையாகக் கொட்டின. ஜார்ஜ் தாமஸன் என்ற லண்டன் புத்தகக் கடைக்காரர் 1640 முதல் 1661 வரை வெளியானவற்றில் கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைத்தார். 22,000-க்கு மேல் சேர்ந்தது. அந்தக் குவியல் முழுதும் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதிலே ஒரு பிரசுரத்தின் முகப்புப் படத்தை நாம் பிரதி எடுத்து வந்திருக்கிறோம். கை மாற்றிப் பாருங்கள். 1647-ல் வந்தது. தலைப்பே 'தலைகீழான உலகம்' என்பதுதான்.

நடுவில் ஒரு மனிதன். கால்சட்டையைத் தோளில் மாட்டியிருக்கிறான். கைகளில் பூட்சு, கால்களில் கையுறை. தேவாலயம் கோபுரம் கீழாகத் தொங்குகிறது. மெழுகுவர்த்தி கீழ்நோக்கி எரிகிறது. எலி பூனையைத் துரத்துகிறது. முயல் நாயைத் துரத்துகிறது. மீன்கள் ஆகாயத்தில் நீந்துகின்றன. வண்டி குதிரையை இழுக்கிறது. தள்ளுவண்டி மனிதனைத் தள்ளிக்கொண்டு போகிறது.

ரிங் பிரேம் ஓட்டுகிற தோழர் ஒருவரிடம் நேற்று இதைக் காட்டினோம். "கடைசியில் சொன்னது நம் டிபார்ட்மெண்டில் தினமும் நடப்பதுதானே தோழர், மெஷின்தானே நம்மைத் தள்ளுகிறது" என்றார். (சிரிப்பு.) அவர் சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. எது நேர், எது தலைகீழ் என்பது நாம் நிற்கிற இடத்தைப் பொறுத்தது. ஹெகலின் தத்துவம் தலைகீழாக நிற்கிறது, அதைப் புரட்டி நிறுத்த வேண்டும் என்று மார்க்ஸ் 1873-ல் எழுதியதும் இந்த வழியில்தான்.

இந்தப் படத்தோடு வந்த பிரசுரத்தை எழுதியவர் ஜான் டெய்லர். தொழிலில் அவர் யார் தெரியுமா? தேம்ஸ் நதியில் துடுப்புப் போட்ட படகோட்டி! ஆனால் மன்னர் கட்சி. உலகம் தலைகீழாகிவிட்டதே என்று அழுகிறவர். உழைக்கிறவனெல்லாம் உழைக்கிறவன் பக்கமே நிற்பான் என்று எண்ணி ஏமாறக்கூடாது. அந்தப் படகோட்டி மேட்டுக்குடிப் பயணிகளை ஏற்றி ஏற்றி அவர்கள் கவலையையும் ஏற்றிக்கொண்டுவிட்டார். 1646-ல் இதே தலைப்பில் ஒரு தெருப்பாட்டும் அச்சாயிற்று. அதுவும் புலம்பல்தான்: கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தைப் பார்லிமெண்டுக்காரர்கள் ஒடுக்குகிறார்களே என்ற ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் நியாயம் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். வருஷத்தில் நாலு நாள் ஓய்வு கிடைக்கிற ஏழையிடமிருந்து ஒரு பண்டிகையைப் பிடுங்குவது புத்தியுள்ள காரியமா? பார்லிமெண்டுக்காரர்கள் அதில் தவறினார்கள்.

அதே 1647-ம் ஆண்டு அக்டோபர் கடைசியில், லண்டனை அடுத்த பட்னி என்ற ஊர்த் தேவாலயத்தில் ஒரு விவாதம் நடந்தது. மன்னனைத் தோற்கடித்த பார்லிமெண்ட் படையின் தளபதிகள் ஒரு பக்கம். அதே படையின் சாதாரணச் சிப்பாய்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் மறு பக்கம். சிப்பாய்களுக்கு ஆதரவாகப் பேசியவர் கர்னல் ரெயின்பரோ. இங்கிலாந்தில் உள்ள பரம ஏழைக்கும் பெரிய பணக்காரனைப் போல வாழ ஓர் உயிர் இருக்கிறது. ஆகவே தான் சம்மதிக்காத சர்க்காருக்கு அவன் கட்டுப்பட்டவனல்ல என்பது அவர் வாதம். எதிர் வாதம் செய்தவர் கிராம்வெலின் மருமகன் ஐர்டன். நிலமோ நிலையான வியாபாரமோ உள்ளவனுக்குத்தான் ராஜ்யத்தில் ஒட்டுதல் இருக்கும், எல்லோருக்கும் ஓட்டு என்றால் சொத்துரிமை என்னாகும் என்று அவர் கேட்டார். அந்தக் கூட்டத்தில் இரு பக்கத்தாரும் மன்னனை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர்கள். அஸ்திவாரத்தை அசைக்கும் வரை தோளோடு தோள் நின்றவர்கள்தான். இதற்குமேல் அசைந்தால் நம் வீடும் விழும் என்ற இடம் வந்ததும் ஒரு பக்கத்தார் 'போதும், ஆட்டாதே' என்றார்கள்.

சிப்பாய்கள் பக்கம் நின்ற இந்தக் கட்சிக்குத்தான் எதிரிகள் பழைய வேலி பிடுங்கிகளின் பெயரைத் தேடி எடுத்து ஒட்டினார்கள்: லெவலர்கள். சொத்தையெல்லாம் நிரவிவிடுவார்கள் என்று பயம் காட்ட! அவர்கள் அதை மறுத்து எழுதினார்கள். மறுத்தும் பெயர் நின்றுவிட்டது. அந்த விவாதத்தைச் சுருக்கெழுத்தில் குறித்த வில்லியம் கிளார்க்கின் தாள்கள் ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரி அலமாரியில் தூங்கின. அச்சில் வந்தது 1891-ல்தான். இங்கிலாந்தில் ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு வந்தது 1918-ல். பெண்களுக்குச் சமமான ஓட்டு 1928-ல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1649 ஜனவரி 30-ந் தேதி சார்லஸ் மன்னனின் தலை வெட்டப்பட்டது. மார்ச்சில் மன்னர் பதவி ஒழிந்தது, பிரபுக்கள் சபை ஒழிந்தது. அந்த நாளின் ஒரு சாதாரண மனிதனுக்கு இது எப்பேர்ப்பட்ட அதிர்ச்சி என்று எண்ணிப் பாருங்கள். மன்னன் தெய்வத்தின் பிரதிநிதி என்று பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவன். தெய்வத்தின் பிரதிநிதியின் தலை கீழே விழுந்தது. மறுநாளும் சூரியன் உதித்தது!

ஏப்ரல் முதல் தேதி, சர்ரே மாவட்டத்தில் செயின்ட் ஜார்ஜ் குன்று என்ற பொதுத் தரிசில் ஒரு சிறு கூட்டம் மண்வெட்டியோடு ஏறியது. தலைவர்களில் ஒருவர் ஜெரார்டு வின்ஸ்டான்லி. லண்டனில் துணி வியாபாரம் செய்து 1643-ல் திவாலாகி, கிராமத்தில் மாடு மேய்த்துப் பிழைத்தவர். விளைச்சல் பொய்த்துத் தானிய விலை ஏறியிருந்த சமயம். அவர்கள் தரிசைக் கொத்தி, பீன்சும் காரட்டும் பார்ஸ்னிப் கிழங்கும் போட்டார்கள். பூமி எல்லோருக்கும் பொதுக் களஞ்சியம் என்பது அவர்கள் கட்சி. 'தோண்டுகிறவர்கள்' என்று மற்றவர்கள் அழைத்தார்கள். படைத் தளபதி பேர்பாக்ஸ் கூப்பிட்டு விசாரித்தபோது, வின்ஸ்டான்லியும் அவரோடு போனவரும் தொப்பியைக் கழற்றாமலே நின்றார்கள். தோள் துண்டு இடுப்புக்கு இறங்கிய ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

உலகத்தைத் தலைகீழாக்குவது என்ற அந்தப் பழைய குற்றச்சாட்டை வின்ஸ்டான்லி என்ன செய்தார் தெரியுமா? மறுக்கவில்லை. அந்த வருஷமே எழுதிய ஒரு பிரசுரத்தில், அதைச் செய்யப்போகிறது விடுதலைதான், ஆகவே விடுதலைக்குப் பகைவர் இருப்பதில் அதிசயமில்லை என்ற கருத்தை வைத்தார். போலீஸ் டைரியில் இருந்த சொல் போராடுகிறவன் வாய்க்கு வந்துவிட்டது. நாம் இத்தனை தூரம் நடந்து வந்தது இந்த ஒரு திருப்பத்தைக் காட்டத்தான்.

நிலப்பிரபுக்கள் ஆளை ஏவி அடித்தார்கள், வழக்குப் போட்டார்கள், பயிரை அழித்தார்கள். குன்றை விட்டுக் காபம் என்ற ஊர்ப் பக்கம் போனார்கள். அங்கே வீடுகளைக் கொளுத்தினார்கள். 1650 ஏப்ரலில் எல்லாம் முடிந்தது. அந்தக் குன்று இன்று காவலாளி நிற்கும் வாசலோடு கூடிய பணக்காரர் குடியிருப்பு. கோல்ப் மைதானம் இருக்கிறது. 1999 ஏப்ரலில், 350 வருஷம் ஆனதை ஒட்டி, சிலர் போய் அங்கே சில நாள் கொட்டகை போட்டு உட்கார்ந்து ஒரு நினைவுக்கல் வைத்துவிட்டு வந்தார்கள். மாஸ்கோவில் ஒரு தூண் உண்டு. 1914-ல் ஜார் பரம்பரையின் 300 வருஷ ஆட்சிக்காக எழுப்பியது. 1918-ல் அதிலிருந்த ஜார்களின் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டு, மார்க்ஸ், எங்கெல்ஸ் முதலியோருடைய பெயர்களோடு அந்த மாடு மேய்த்த வின்ஸ்டான்லியின் பெயரையும் பொறித்தார்கள். 2013-ல் அந்தப் பெயர்களை எடுத்துவிட்டு ஜார்களின் பெயரைத் திரும்பவும் பொறித்துவிட்டார்கள்.

சிப்பாய்கள் கதையை முடித்துவிடுவோம். அயர்லாந்துக்குப் போய்ச் சண்டையிடு என்று கட்டளை. சம்பளப் பாக்கி தீரவில்லை, கேட்ட உரிமைகள் வரவில்லை. போக மாட்டோம் என்று சில படைப் பிரிவுகள் மறுத்தன. 1649 மே மாதம் நள்ளிரவில் பர்போர்டு என்ற ஊரில் கிராம்வெல் அவர்களை மடக்கினார். முந்நூறுக்கு மேற்பட்டவர்களைத் தேவாலயத்துக்குள் அடைத்தார்கள். 17-ந் தேதி மூவரை வெளியே நிறுத்திச் சுட்டார்கள். அடைபட்ட நாட்களில் ஒரு சிப்பாய் ஞானஸ்நானத் தொட்டியின் ஈயத்தில் தன் பெயரைக் கீறினார்: ஆண்டனி செட்லி, 1649, கைதி. கைதி என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். அது இன்றும் அங்கே இருக்கிறது. அந்த விட்டுப்போன எழுத்தைப் பற்றிப் படித்தபோது, நம் பழைய மனுக்களின் எழுத்துப் பிழைகள் நமக்கு நினைவு வந்தன.

'ரெவல்யூஷன்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று புரட்சி என்கிறோம். ஆரம்பத்தில் அது வானசாஸ்திரச் சொல். 1543-ல் கோபர்னிகஸ் வெளியிட்ட நூலின் தலைப்பில் இருக்கிறது. கோளங்கள் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவது என்று பொருள். ஆகவே 1660-ல் மன்னர் பரம்பரை திரும்பி வந்ததையே அக்காலத்து ஆங்கிலேயர் சிலர் 'ரெவல்யூஷன்' என்றார்கள்! பழையது போய்ப் புதியது வருவது என்ற பொருள் 1789-ல் பிரான்ஸ் கொடுத்த அழுத்தத்தில்தான் உறுதியாயிற்று. வேடிக்கை என்னவென்றால், பூமி நடுவில் நிற்கவில்லை, சுற்றுகிறது என்று சொல்லிப் பழைய நம்பிக்கையின் ஆணிவேரையே அசைத்தவர் அந்தக் கோபர்னிகஸ்தான். அவர் சாதாரணமாகப் போட்ட சொல் அவர் செய்த காரியத்துக்கே பெயராகிவிட்டது.

நம் தமிழ்ச் சொல் இதைவிட நேரானது. புரள்வது, புரட்டுவது, புரட்சி. ஏர் மண்ணைப் புரட்டுகிறதே, அதே வினை. புரட்டு என்றால் பொய், பித்தலாட்டம் என்ற அர்த்தமும் கூடவே இருக்கிறது. சலவைத் தூள் விளம்பரத்தில் புரட்சி என்று போடும்போது அந்த இரண்டாவது அர்த்தத்தை நினைத்துக்கொள்ளலாம். (சிரிப்பு.)

அமெரிக்காவில் 1781-ல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது அவர்களுடைய பாண்டு வாத்தியம் 'தலைகீழான உலகம்' மெட்டை வாசித்தது என்று ஒரு கதை உண்டு. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சரணாகதியைப் பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் எழுதியவற்றில் அது இல்லை. பல பத்து வருஷம் கழித்துத்தான் அச்சில் வருகிறது. ஆகவே மேடையில் சொல்லுகிற தோழர்கள் கதை என்று சொல்லியே சொல்லுங்கள்.

நேரமாகிவிட்டது, ராத்திரி ஷிப்டுக்காரர்கள் எழுந்திருக்கிறார்கள். கமிட்டி விஷயம் ஒன்று பாக்கி. அடுத்த பேச்சுவார்த்தை வருகிற வியாழக்கிழமை. இளந் தோழரே திரும்பவும் போகிறார். கூட இன்னும் இருவர். போன கூட்டத்தில் அவர் தலையாட்டியது சம்மதமல்ல என்பதை முதலில் எழுத்தில் கொடுத்துவிடுவது. மறுபடி படகுப் பேச்சு வந்தால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பது. அது யாருடைய படகு, இறக்கிவிடப் போகும் இருபது பேர் யார் யார் என்று கேட்டு, பதிலை மினிட் புத்தகத்தில் பதியச் செய்து, கையெழுத்து வாங்கி வருவது. இதற்குக் கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. படத்தைக் கடைசி வரிசையிலிருந்து இப்படித் திருப்பி அனுப்புங்கள், மடிக்காமல்.